துருத்தியிலிருந்து முதுகுப்பை வரை: மலை மிதிவண்டிப் பயணமும் தண்ணீரும்

நெடுவழிப் பயணம் புறப்பட்ட மனிதன் எக்காலத்திலும் இரண்டு வினாக்களுக்கு விடை தேடியிருக்கின்றான். எவ்வளவு தண்ணீரைக் கொண்டு செல்வது? அதை எங்கே சுமப்பது? மலைப்பாதைகளில் மிதிவண்டி ஓட்டும் இன்றைய இளைஞர்களும் இதே வினாக்களின் முன்தான் நிற்கின்றனர். வண்டிச் சட்டத்தில் செருகும் குப்பியா, முதுகில் சுமக்கும் நீர்ப்பையா, இடுப்பில் கட்டும் பையா என்பது வெறும் கடைத்தெருக் கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் உயிரிழப்பும் உண்டு.

பாலைவனத்தின் இரு வழிகள்

அரபுப் பாலைவனத்தைக் கடந்த ஒட்டகக் கூட்டங்கள் ஆட்டுத்தோல் துருத்திகளில் தண்ணீர் சுமந்தன. துருத்தி கீழே விழுந்தாலும் மண்பானை போல் உடையாது. நீர் குறையக் குறையத் தானும் சுருங்கிக்கொள்ளும். தோலின் வழியே கசியும் ஈரம் காற்றில் உலர்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்ந்திருக்கும்.

எனினும் சுமப்பது மட்டுமே வழியாக இருக்கவில்லை. கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் துணைவியார் ஸுபைதா, கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் ஹஜ் பாதையில் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் அமையப் பெரும்பொருள் செலவிட்டார். அப்பாதை இன்றும் 'தர்ப் ஸுபைதா' என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. வழியில் நீர் நிச்சயம் கிடைக்கும் என்றால் சுமை குறைகின்றது. சுமை குறைந்தால் பயணம் எளிதாகின்றது. எவ்வளவு சுமப்பது என்பதை, அடுத்த நீர்நிலை எங்கே இருக்கின்றது என்பதே முடிவு செய்கின்றது.

குப்பியின் காலம்

மிதிவண்டிப் பந்தயங்களின் தொடக்கக் காலத்தில், உலோகக் குப்பிகளைக் கைப்பிடியின் முன்னால் பொருத்திக்கொள்ளும் வழக்கம் இருந்தது. பின்னர் குப்பி வண்டிச் சட்டத்தின் சாய்வுக் குழாய்க்கு இறங்கியது. உலோகம் போய் பிளாஸ்டிக் வந்தது. ஆனால் குடிநீரைப் பற்றிய அறிவு அதே வேகத்தில் வளரவில்லை. போட்டியின்போது அதிகம் குடித்தால் உடல் கனத்துவிடும் என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது.

1967 ஜூலை 13 அன்று, டூர் டி பிரான்ஸ் போட்டியில் மான்ட் வென்டூ மலையேற்றத்தின்போது ஆங்கிலேய வீரர் டாம் சிம்ப்சன் சரிந்து விழுந்து உயிரிழந்தார். அவர் உட்கொண்டிருந்த ஊக்க மருந்தும் மதுவும் அம்மரணத்திற்குக் காரணங்களாயின. அவற்றோடு கடும் வெயிலும் நீரிழப்பும் சேர்ந்துகொண்டன. அந்நாளில் ஒரு வீரருக்கு அனுமதிக்கப்பட்டது நான்கு குப்பிகள், அதாவது ஏறத்தாழ 2 லிட்டர் தண்ணீர் மட்டுமே. தண்ணீரை அளந்து கொடுத்த விதி, உடலின் தேவையை அளக்கத் தவறிவிட்டது.

கரடுமுரடான பாதை

1970களில் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், டமல்பாய்ஸ் மலையை ஒட்டிய மண்பாதைகளில் இளைஞர்கள் பருத்த சக்கரங்கள் கொண்ட பழைய மிதிவண்டிகளை ஓட்டத் தொடங்கினர். 1976இல் அங்கே 'ரீபேக்' என்னும் இறக்கப் பந்தயம் தொடங்கியது. மலை மிதிவண்டி என்னும் தனி வகை இச்சூழலிலிருந்துதான் உருவெடுத்தது.

இப்புதிய வண்டியில் பழைய குப்பிக்குச் சிக்கல் நேர்ந்தது. கல்லிலும் வேரிலும் வண்டி குதிக்கும்போது குப்பியும் தன் கூட்டிலிருந்து குதித்துவிடும். சக்கரம் வாரியிறைக்கும் சேறும் மேய்ச்சல் நிலத்துச் சாணமும் அதன் வாயில் படியும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, குப்பியை எடுக்க ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பதே. செங்குத்தான பாதையில் அது இயலாது. ஆகவே கைக்கெட்டும் தொலைவில் தண்ணீர் இருந்தும் ஓட்டுநர் தாகத்துடனேயே சென்றார்.

காலுறைக்குள் ஒரு கண்டுபிடிப்பு

இதற்கான தீர்வு மலையில் பிறக்கவில்லை. டெக்சாஸின் சமவெளியில் பிறந்தது. அங்குள்ள விச்சிட்டா ஃபால்ஸ் நகரில் ஆகஸ்ட் மாத வெயிலில் 100 மைல் மிதிவண்டிப் பயணம் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. 1980களின் இறுதியில் அதில் பங்கேற்ற மைக்கேல் ஈட்சன் அவசர மருத்துவ உதவியாளர். நோயாளிக்குக் குளுக்கோஸ் ஏற்றும் பையில் அவர் தண்ணீர் நிரப்பினார். அதை ஒரு நீண்ட காலுறைக்குள் இட்டு முதுகில் பொருத்திக்கொண்டார். மெல்லிய குழாயைத் தோளின் மேல் கொண்டுவந்து, துணி உலர்த்தும் கிளிப்பால் அடைத்துவைத்தார். அதிலிருந்து உருவானதே 'கேமல்பேக்' என்னும் நீர்ப்பை. மலை மிதிவண்டியாளர்கள் அதை விரைந்து ஏற்றனர். பின்னர் பாலைவனங்களுக்குச் சென்ற போர்வீரர்களிடமும் அது பரவியது.

அப்பெயர் ஒட்டகத்தின் முதுகைக் குறிக்கின்றது. ஆனால் ஒட்டகத்தின் திமிலில் இருப்பது நீரன்று, கொழுப்பு. உடல் எடையில் நான்கில் ஒரு பங்கு நீரை இழந்தும் ஒட்டகம் உயிர் வாழும். மனிதனுக்கோ எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் குறைந்தாலே உடலின் திறன் சரியத் தொடங்கும். அவனுக்குத் தேவை சேமிப்பு மட்டுமன்று. தாகம் முற்றுமுன் சிறிது சிறிதாகப் பருகும் வாய்ப்பும் தேவை. அந்த வாய்ப்பைத்தான் ஈட்சனின் குழாய் தந்தது.

சுமையும் அளவும்

ஆயினும் நீர்ப்பை முடிவான விடையன்று. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. 3 லிட்டரை முதுகில் ஏற்றினால் உடலின் சமநிலை மேலேறும், தோள் வலிக்கும், முதுகின் வியர்வை உலராது. எனவே பலர் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் கொள்ளும் இடுப்புப் பைக்கு மாறினர். வேறு சிலர் எடையைத் தாழ்வாகத் தாங்கும் சட்டக் குப்பிக்கே திரும்பினர்.

அதிகம் குடிப்பதும் பாதுகாப்பன்று. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தம் ஆராயப்பட்டது. நூற்றுக்குப் பதின்மூவரிடம் சோடியம் அளவு குறைந்திருந்தது. அதற்கு முதன்மையான காரணம் அளவுக்கு மிஞ்சிக் குடித்ததே. பருகுவதிலும் வீண் விரயம் கூடாது என்று அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது.

ஆகவே புறப்படுமுன் முதலில் பாதையை எண்ணிப் பாருங்கள். வழியில் நீர் கிடைக்கும் குறுகிய பயணத்திற்கு 750 மில்லி லிட்டர் குப்பி ஒன்று பெரும்பாலும் போதும். அரைநாள் பயணத்திற்கு இடுப்புப் பையும் குப்பியும் சேர்ந்தால் போதுமானதாகும். ஊரும் ஊற்றும் இல்லாத நீண்ட மலைவழிக்கும், கையை எடுக்க முடியாத கரடுமுரடான பாதைக்கும் முதுகு நீர்ப்பையே ஏற்றது. திரும்பி வந்ததும் பையையும் குழாயையும் கழுவி உலரவிட மறவாதீர்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். துணையாக வருபவரின் குப்பியில் நீர் இருக்கின்றதா என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.