மந்திரமல்ல, மனிதர்!

ஒரு முனை கொதிக்கும் நீரிலே. மறு முனை உருகும் பனிக்கட்டியிலே. இடையே பிஸ்மத் துண்டொன்றும், அதனோடு பிணைந்த செம்பும். மேலே, மெல்லிய இழையில் தொங்கும் காந்த ஊசி. 1826 சனவரித் திங்கள், ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பள்ளியொன்றிலே, கணித ஆசிரியர் ஒருவர் அந்த ஊசியின் அசைவைக் கண் கொட்டாது பார்த்துக் கொண்டிருந்தார். அவர் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். ஓம் என்றதும் நம்மவர் சிலருக்குக் கை தானே குவியும்! குவிய வேண்டாம், தோழர்களே. இது மந்திரமல்ல, மனிதரின் பெயர்.

1789இல் எர்லாங்கன் நகரிலே பிறந்தவர். தந்தை பூட்டுத் தொழிலாளி. தாய், தையற்காரர் வீட்டுப் பெண். தந்தை எந்தக் கல்லூரிக்கும் போனவரல்லர். தாமே படித்தார், படித்த கணிதத்தைத் தம் மைந்தர் இருவர்க்கும் புகட்டினார். பட்டறையிலே பழகிய கை, பின்னாளில் சோதனைக் கருவிகளைத் தானே செய்துகொள்ளும் திறனைப் பெற்றது.

மின்னோட்டம் கம்பியிலே பாய்கிறது என்பதை அன்று பலரும் அறிவர். கம்பி நீண்டால் ஓட்டம் தளர்கிறது என்பதையும் கண்டிருந்தனர். எவ்வளவு தளர்கிறது? அதற்குத்தான் விடை இல்லை. ஓம் முதலில் வோல்ட்டாவின் மின்கல அடுக்கைப் பயன்படுத்தினார். அதன் வேகமோ நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. அந்த அளவுகளை நம்பி 1825இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார், அது தவறு. தவறென்று உணர்ந்ததும் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. போகண்டார்ஃப் என்னும் அறிஞர் வழி காட்டினார்: 1821இல் சீபெக் கண்டறிந்த வெப்ப மின்னிணையைப் பயன்படுத்துக என்றார். கொதிநீரின் வெப்பமும் பனிக்கட்டியின் குளிர்ச்சியும் மாறா. எனவே அவற்றிடையே எழும் மின் உந்தலும் மாறாது.

ஒரே பருமன் கொண்ட எட்டுச் செப்புக் கம்பிகள். குட்டையானது 2 அங்குலம், நெடியது 130 அங்குலம். ஒவ்வொன்றாய் இணைத்தார், ஊசி திரும்பியதை அளந்தார், குறித்தார். வேறு நாட்களிலும் அளந்தார். உந்தலை, கம்பியின் நீளத்தோடு சுற்றின் ஏனைய பகுதிக்குரிய ஒரு மாறா எண்ணைக் கூட்டி வந்த தொகையால் வகுத்தால், மின்னோட்டம் கிடைத்தது!

இன்றைய மொழியிலே சொன்னால், மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் வருவது மின்தடை. வீட்டிலே சலவைப் பெட்டி 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் இழுக்கிறதா? 230ஐ 4ஆல் வகுங்கள்: தடை 57.5 ஓம். அழுத்தம் பாதியாகக் குறைந்தால் ஓட்டமும் 2 ஆம்பியராகும். கம்பியின் வெப்பநிலை மாறாதவரைதான் இக்கணக்கு பிசகாது. எரியும் பல்பின் இழை, குளிர்ந்திருந்தபோது காட்டியதைவிடப் பத்து மடங்குக்கும் மேலான தடையைக் காட்டும்.

திறன் கணக்கின் கதை வேறு. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரிலே மதுவடிக்கும் ஆலைக்காரரின் மகன் ஜேம்ஸ் ஜூல், 1840இல் கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, நீர் எவ்வளவு சூடேறுகிறதென்று அளந்தார். ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்கு! நம் சலவைப் பெட்டியிலே 4ஐ 4ஆல் பெருக்கி, 57.5ஆலும் பெருக்கினால் 920 வாட். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் நேரே பெருக்கினாலும், 230 பெருக்கல் 4, அதே 920. அழுத்தம் பாதியான பெட்டி ஏன் துணியின் சுருக்கத்தை நீக்க மறுக்கிறதென்பதும் இதிலேயே விளங்கும்: 115 பெருக்கல் 2, வெறும் 230 வாட்; கால் பங்கு.

ஓம் 1827இல் தம் நூலைப் பெர்லினில் வெளியிட்டார். அதற்காகப் பாதிச் சம்பளத்தில் விடுப்புப் பெற்றிருந்தார். பல்கலைக் கழகத்துப் பதவி கிட்டுமென்ற நம்பிக்கை! ஆனால் சோதனைகளை முன்பே இதழ்களில் எழுதிவிட்டதால், நூலைக் கணிதத்தால் நிரப்பினார். வெப்பம் பரவுவது பற்றிப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே வகுத்த முறை அவருக்கு முன்மாதிரி. இது அவர் செய்த பிழை என்றே எனக்குத் தோன்றுகிறது. எட்டுக் கம்பிகளைக் காணாதவர்கள் ஏட்டிலிருந்த எழுத்துக்களை மட்டுமே கண்டனர். ஹெகலின் தத்துவம் கோலோச்சிய பெர்லினிலே, இயற்கையைக் கணக்கால் அளப்பதையே இழிவெனக் கருதியோர் இருந்தனர். அவர்கள் நூலைத் தாக்கினர். கம்பியை எடுத்து அளந்து பார்த்து மறுத்தார்களா? இல்லை!

1828இல் ஓம் கொலோன் பதவியைத் துறந்தார். பெர்லினிலே சில்லறைப் போதனை வேலை; 1833இல்தான் நூரம்பெர்க் தொழிற்கல்லூரியில் நிலையான இடம். எல்லோரும் கைவிட்டனர் என்பதும் மெய்யன்று. ஃபெக்னர் என்னும் ஜெர்மானியர் கம்பியை எடுத்தார், அளந்தார், ஓம் சொன்னது சரியென்று 1831இல் எழுதினார். 1841இல் லண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் வழங்கியது. அவர் பெயரையே தடைக்கு அலகாக்கிப் பாரிஸ் மின்னியல் மாநாடு ஏற்றது 1881இல். காண அவர் இல்லை.

விரும்பிய பேராசிரியர் நாற்காலி மியூனிக் நகரிலே 1852இல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 63. 1854 சூலையில் மறைந்தார்.