சென்னை நாயும் நெடுந்தீவுக் குதிரையும்

சென்னைத் தெருநாயையும் யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவின் மட்டக்குதிரையையும் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஒன்று நெரிசலில் வளர்வது. மற்றது வெட்டவெளியில் மேய்வது. நாயைப் பார்க்க எவரும் பயணம் போவதில்லை; குதிரையைப் பார்க்கவென்றே குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறுவோர் உண்டு. ஆனால் இரண்டும் மனிதனோடு வாழப் பழகிய இனங்கள். இரண்டுக்கும் இன்று உடையவன் இல்லை. காட்டில் சேர்க்கவும் முடியாமல் வீட்டில் சேர்க்கவும் முடியாமல் இரண்டும் இடையில் நிற்கின்றன.

இந்த நிலைக்கு இரண்டையும் கொண்டுவந்ததில் ஆங்கிலேயர் ஆட்சிக்குப் பங்குண்டு. நெடுந்தீவில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி குதிரை வளர்ப்பை நடத்தினார். ஆட்சிக்குத் தேவைப்பட்ட வரையில் லாயமும் தீனியும் கிடைத்தன. தேவை முடிந்தபின் எஞ்சியவை புல்வெளிக்குப் போயின. சென்னையிலோ 1860இல் மாநகராட்சி தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியது என்பது விலங்கு நலம் பேணும் புளூ கிராஸ் அமைப்பு எடுத்துக்காட்டும் பதிவு. ஓரிடத்தில் அரசு விலங்கைப் பெருக்கியது, மற்ற இடத்தில் அழித்தது. இரண்டு கணக்கும் பிசகின. 1990களின் நடுப்பகுதியில் சென்னையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 135 நாய்கள் கொல்லப்பட்டன என்கிறது அதே அமைப்பு. நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய் குறையவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எனக்கு வியப்பளித்த ஒற்றுமை தண்ணீர். 1959இல் சென்னை மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அவரும் மனைவி உஷாவும் தொடங்கிய பணிதான் பிறகு புளூ கிராஸாக வளர்ந்தது. அங்கே தண்ணீர் மிஞ்சியது, இங்கே தண்ணீர் தீர்ந்துபோகிறது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நெடுந்தீவின் ஆழமற்ற கிணறுகள் உவர்க்கின்றன, குட்டைகள் வெடிக்கின்றன. ஒரு மட்டக்குதிரைக்கு நாளுக்கு 10 லீற்றருக்கு மேல் நன்னீர் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் கூடுதலாக வேண்டும். தாய்க்குப் பால் வற்றினால் குட்டி சாகிறது. கடும் வறட்சி ஆண்டுகளில் குதிரைகள் விழுந்து இறந்ததைத் தீவார் கண்டிருக்கிறார்கள்.

இனித்தான் இரண்டும் பிரிகின்றன. கொல்வதை விட்டுக் கருத்தடை செய்யுங்கள் என்று புளூ கிராஸ் 1964இலேயே சொன்னது. மாநகராட்சி 1996இல்தான் இசைந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள்! அந்தத் தாமதத்தை மறக்கக் கூடாது. ஆனாலும் கூட்டு ஏற்பட்டதும் வேலை நடந்த விதம் படிக்கத்தக்கது. மாநகராட்சியிடம் அதிகாரமும் வண்டியும் இருந்தன, பிடிப்பாளரும் இருந்தார்கள். புளூ கிராஸின் தர்ம மருத்துவமனையிடம் அறுவைக் கூடமும் விலங்கைத் தொடத் தயங்காத கைகளும் இருந்தன. பிடித்த நாய்க்குக் கருத்தடை, வெறிநோய்த் தடுப்பூசி, காதில் ஒரு சிறு வெட்டு. பிறகு அதே தெருவில் விடுதல். தெரு காலியானால் வேற்று நாய் புகும் என்பதால் பழைய இடத்துக்கே திருப்புவது இம்முறையின் உயிர். 2001இல் இந்திய அரசு இதையே விதியாக்கியது. கொழும்பிலும் 2007 முதல் புளூ போ டிரஸ்ட் என்ற விலங்கு நல அமைப்பு மாநகர சபையோடு சேர்ந்து இதே வழியில் இறங்கியது.

அந்தக் காது வெட்டைச் சற்று நெருங்கிப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மாட்டுக்குக் குறிசுடுவது பழைய வழக்கம். சூட்டுக்குறி, இது இன்னாருடையது என்று சொல்லும். காது வெட்டோ, இது எவருடையதும் அன்று, ஆயினும் இதைக் கவனித்தாயிற்று என்று சொல்லும். உடைமை இல்லாமலே பொறுப்பு இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறிய அடையாளம் நான் அறியேன். நெடுந்தீவுக் குதிரைக்கு இந்த இரண்டாவது வகைக் குறி இன்னும் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை? நாய் கடிக்கும், அதன் நோய் மனிதனைக் கொல்லும். அந்த அச்சம் நகரத்தை மருத்துவமனையின் வாசலுக்குத் தள்ளியது. குதிரை எவரையும் கடித்து நோய் பரப்புவதில்லை, ஆகவே எவரையும் அவசரப்படுத்துவதும் இல்லை. தீங்கு செய்வதற்கு ஏற்பாடு கிடைத்தது. தீங்கற்றதற்குப் புகைப்படம் கிடைத்தது. சென்னை நாய்க்குப் பிறப்பு மிகுந்தது சிக்கல், நெடுந்தீவுக் குதிரைக்கு வறட்சிச் சாவு சிக்கல். ஆகவே சென்னையின் மருந்தை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அதன் கூட்டு முறையைக் கொண்டுவரலாம்.

தீவுக் குதிரைக்கு அத்தகைய கூட்டு உலகில் இல்லாத புதுமையும் அன்று. அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையோரத் தீவொன்றில் மேயும் சிங்கொடீக் குதிரைகள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குச் சொந்தம். மேய்நிலம் அரசின் வனவிலங்குப் புகலிடம். வளர்ந்த குதிரைகள் 150க்கு மேற்படக் கூடாது என்பது மேய்ச்சல் அனுமதியின் நிபந்தனை. குறித்த காலங்களில் மந்தையைத் திரட்டி மருத்துவர் பார்க்கிறார். நிலம் ஒருவருடையது, குதிரை ஒருவருடையது, மருந்து இன்னொருவர் கையில். ஆனால் யார் எதற்குப் பொறுப்பு என்பது எழுத்தில் இருக்கிறது.

நெடுந்தீவில் 2015இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது; அது வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. ஆடு மாட்டுக்கு மருந்து போடும் கால்நடைத் திணைக்களம் வேறு. சென்னையில் கொல்லும் அதிகாரமும் காக்கும் மனமும் ஒரு காகிதத்தில் சேர்ந்தன. இங்கே இரண்டு தரப்பும் காக்கவே விரும்புகின்றன, சேரும் காகிதம் மட்டும் வேண்டும். நன்னீர்த் தொட்டிகள், மந்தைக் கணக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து குறித்த நாளில் படகேறும் தொண்டு மருத்துவர் குழு என்ற மூன்றையும் அதில் எழுதிக் கையொப்பமிடுங்கள். அடுத்த சோளகம் தொடங்குமுன் தொட்டிகளில் தண்ணீர் நிற்க வேண்டும்.