துவக்கும் அதனை உடையோர் கருத்தும்: இலங்கைச் சமூக வரலாற்றில் ஒரு குறிப்பு

ஒரு கருவியைப் பற்றி அதனை உடையவர் கூறும் அபிப்பிராயம் வரலாற்றுச் சான்றாகுமா? ஏர், தறி, வள்ளம் ஆகியவை குறித்து இவ்வினா எழுப்பப்பட்டிருக்கிறது. துவக்கு குறித்து எமது ஆய்வாளர் இதனை அதிகம் எழுப்பவில்லை. அவ்வாறு எழுப்புவதற்கு அண்மைக்கால உதாரணமொன்றிலிருந்து தொடங்குவது வசதியானது.

1982 இல் ஒஸ்திரிய இராணுவம் குளொக் என்பார் வடிவமைத்த கைத்துப்பாக்கியைத் தனது சேவை ஆயுதமாக ஏற்றுக்கொண்டது. அவர் அதற்கு முன் துப்பாக்கித் தொழிலில் ஈடுபட்டவரல்லர். அதன் குழலும் மேற்பகுதியும் உருக்கினால் ஆனவை. பிடியோடு கூடிய உடற்சட்டமோ பொலிமர் எனப்படும் செயற்கைப் பொருளால் வார்க்கப்பட்டது. இது முழுப்புதுமையன்று. ஜெர்மானிய நிறுவனமொன்று 1970 இலேயே அத்தகைய சட்டங்கொண்ட கைத்துப்பாக்கியைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. எனினும் பொலிமர்த் துப்பாக்கியை உலகெங்கும் பரப்பியது ஒஸ்திரிய ஆக்கமே. தோட்டாவின்றி ஏறத்தாழ 625 கிராம் நிறையும் 17 தோட்டாக்கள் கொள்ளும் கூடும் உடைய இதனை 'பிளாஸ்ரிக் துப்பாக்கி' எனப் பழைய கைகள் எள்ளின. விமான நிலையச் சோதனைக் கருவிகளுக்குத் தப்பிவிடும் என்ற வீண் அச்சமும் எழுந்தது. ஆயினும் சில ஆண்டுகளில் உடைமையாளர் கருத்து மாறியது. மலிவு, பாரக்குறைவு, பழுதுபடாமை என்ற மூன்று சொற்களே இன்றுவரை அவர்கள் கூற்றுக்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரித்தானிய இராணுவமும் நெடுங்காலம் பயன்படுத்திய, முற்றிலும் உலோகத்தாலான பிறவுணிங் கைத்துப்பாக்கியை விடுத்து 2013 இல் இதனையே தெரிவுசெய்தது.

துவக்கு கடையில் விற்கப்படும் நாடுகளில் இத்தகைய அபிப்பிராயங்கள் மலைபோலக் குவிந்துள்ளன. எம்மிடையே அவை அறவே இல்லை எனலாம். இந்நாட்டு மக்கள் துவக்கை அறியாதவர் என்பது இதற்குக் காரணமாகாது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் அதனை ஆக்கியும் ஆண்டும் வந்துள்ளனர். அவ்வாறாயின் அவர்களது கருத்து எங்கே போயிற்று? இதுவே எமது வினா.

'துப்பாக்கி', 'துவக்கு' ஆகிய இரண்டும் துருக்கிய மூலத்திலிருந்து வந்த சொற்கள். தமிழகத்தார் முன்னதைப் பேண, ஈழத்துப் பேச்சுவழக்குப் பின்னதைத் தனதாக்கிக் கொண்டது. வன்னியிலே வாய்வழியாக மருந்திட்டு இடித்து நிரப்பப்படும் துவக்கை 'இடியன்' என்பர். மருந்தை இடிக்கும் செயலே பெயராயிற்று. பொருளைக் கையாண்டவன் இட்ட பெயர் இது. காகிதத்தில் எழுதாத உடைமையாளனின் அபிப்பிராயம் என்றே இதனைக் கொள்ளவேண்டும்.

சிங்களக் கொல்லர் ஆக்கிய துவக்குகளும் அவ்வாறே பேசுகின்றன. போர்த்துக்கேயரிடமிருந்து கற்ற இக்கலையில் அவர்கள் எய்திய திறனைப் பிற்காலத்து ஐரோப்பிய எழுத்தாளர் வியந்துரைத்துள்ளனர். நூதனசாலைகளில் எஞ்சியிருக்கும் கண்டி இராச்சியத் துவக்குகளில், ஐரோப்பியத் துவக்கில் வலப்புறம் இருக்கும் பொறி இடப்புறம் அமைந்துள்ளது. அடிக்கட்டை இரு சுருள்களாகப் பிளந்து செதுக்கப்பட்டுள்ளது. அந்நியனின் கருவி உள்ளூர்க் கைக்கும் தோளுக்கும் ஏற்ப மாற்றப்பட்டமைக்கு இவை சான்று. 1815 இல் கண்டி வீழ்ந்தபின் இக்கைவினையை ஆதரித்த அரசு மறைந்தது. ஆக்குவோனும் ஆள்வோனும் ஒரே சமூகத்தவராயிருந்த நிலையும் அதனுடன் மறைந்தது.

அதன்பின் துவக்கைப் பற்றிப் பேசும் உரிமை வேறொரு வர்க்கத்துக்குச் சென்றது. 1848 அளவில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் இதற்குச் சிறந்த உதாரணம். இலங்கை வேட்டை பற்றி அவர் எழுதிய நூல் துவக்குகளைப் பற்றிய விரிவான ஆராய்ச்சியுடன் தொடங்குகிறது. பிறிஸ்ரல் நகரின் கிப்ஸ் என்னும் துவக்குக் கம்மியர் 1840 இல் தமக்குச் செய்துகொடுத்த, 21 இறாத்தல் நிறையுள்ள றைபிளை அவர் புகழ்கிறார். நிறை, மருந்தளவு, குண்டின் அளவு ஆகியவற்றை ஓர் இயந்திரவியலாளனின் நுணுக்கத்தோடு ஒப்புநோக்குகிறார். இன்றைய பொலிமர்க் கைத்துப்பாக்கி உடைமையாளரின் நடைக்கும் பேக்கரின் நடைக்கும் இடையே வியத்தகு ஒற்றுமை உண்டு. ஒன்றே வேறுபாடு: பேக்கர் மலிவைப் பேசவில்லை. பேசவேண்டிய தேவை அவருக்கிருக்கவில்லை. அவர் துவக்கைத் தூக்கி நடந்த உள்ளூர் ஆட்கள் அதன் 21 இறாத்தலைப் பற்றி என்ன நினைத்தனர் என்பதை அந்நூலில் நாம் காணமுடியாது. (ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படும் மேஜர் றொஜர்ஸ் 1845 இல் அப்புத்தளைப் பகுதியில் மின்னல் தாக்கி இறந்தார். அதற்குக் கிராமத்தார் கற்பித்த பொருளை இங்கு ஆராயவேண்டியதில்லை.)

கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை வர்க்க அடிப்படை இன்னும் வெளிப்படையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய இராணுவ அதிகாரி தமது கைத்துப்பாக்கியைத் தாமே விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. அடம்ஸ், கோல்ற் ஆகிய சுழல்துப்பாக்கிகளில் எது சிறந்தது என்ற விவாதம் 1851 இன் இலண்டன் மாபெரும் கண்காட்சியை அடுத்து அதிகாரிகளிடையே நடந்தமைக்கு இதுவே காரணம். வாங்குபவன் விவாதிப்பான், வழங்கப்பெறுபவன் மௌனமாயிருப்பான். 1887 இல் வெப்ளி சுழல்துப்பாக்கி அதிகாரபூர்வ ஆயுதமான பின்னரும் அதிகாரிகளின் தனித்தெரிவு முற்றாக ஒழியவில்லை. வின்ஸ்ரன் சேர்ச்சில் 1898 இல் ஒம்டுர்மன் போரிலே, தோள்பட்டைக் காயங்காரணமாக வாளை விடுத்து, தாம் வாங்கிய மவுசர் கைத்துப்பாக்கியைப் பயன்படுத்தியதைத் தமது சுயசரிதையில் எழுதினார். எதிர்ப்பக்கத்து சூடானியப் படைவீரருள் தமது துவக்கைப் பற்றி இவ்வாறு எழுதி உலகறியச் செய்யும் வாய்ப்பைப் பெற்றவர் எவருமிலர்.

இலங்கைக் கிராமத்தவனின் குரல் காலனித்துவப் பதிவுகளில் இரண்டு இடங்களிலேதான் கேட்கிறது: ஒன்று கச்சேரி, மற்றது நீதிமன்றம். அனுமதிப்பத்திரத்துக்காக அவன் முதலில் நாடவேண்டியவர் ஊர்த்தலைவர். துவக்கு நல்லதா என்பது அங்கே கேள்வியன்று. துவக்குக்குரியவன் நல்லவனா என்பதே கேள்வி. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய லெனாட் வுல்ப் இவ்வுறவை உள்ளிருந்து கண்டவர். 1913 இல் வெளிவந்த 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் அவரது நாவலில் வரும் வேடன் சிலிந்து, தன்னை நெருக்கிய தலைவரையும் அவருக்குத் துணைநின்ற வட்டிக்காரரையும் சுட்டுவிட்டு, தானே நீதவானிடம் செல்கிறான். துரத்தப்பட்ட எருமை திரும்பிப் பாய்வதுபோலத் தான் திரும்பியதை அவன் விளக்குகிறான். இலக்கியம் ஆவணமன்று, ஆயினும் ஆவணம் மறந்த ஒருவனை அது பேசவைத்தது. துவக்கு அவனுக்கு உணவு தரும் கருவி. தலைவருக்கு எதிராகத் திரும்பும் வரை அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

1915 மே மாத இறுதியில் கண்டியில் தொடங்கிய முஸ்லிம் எதிர்ப்புக் கலவரம் நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. முஸ்லிம் மக்கள் உயிரும் உடைமையும் இழந்தனர். அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ்செய்து, ஐரோப்பியத் தோட்டத்துரைமாரும் அடங்கிய தொண்டர் படைகளை ஆயுதத்தோடு வீதியிலிறக்கியது. விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர் என்பதைப் பொன்னம்பலம் இராமநாதன் 1916 இல் இலண்டனில் வெளியிட்ட நூல் வன்மையாக எடுத்துரைத்தது. கொழும்பு நகரக் காவற்படையின் இளம் அதிகாரி ஹென்றி பேதிரிஸ் 1915 யூலை 7 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அரசு தந்த ஆயுதத்தைத் தாங்கியவனையே அரசின் ஆயுதம் கொன்றது. அடுத்த ஆண்டில் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் வந்தது. திருத்தங்களோடு இன்றும் நடைமுறையிலிருப்பது அதுவே. அனுமதி ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படவேண்டும். துவக்கை வைத்திருப்பவன் உரிமையாளன் என்பதைவிட ஆண்டுக் குத்தகைக்காரன் என்பதே பொருந்தும்.

சட்டங்கள் அவசியமற்றவை என்பது எமது கருத்தன்று. துவக்கு பெருகிய சமூகம் எவ்வாறிருக்கும் என்பதை இந்நாட்டவருக்கு எவரும் புகட்டவேண்டியதில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சியாளர் வீடுகளிலிருந்து பறித்த வேட்டைத் துவக்குகளோடும் கையாற் செய்த குண்டுகளோடும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கினர். 1980 களின் இறுதியில் 'கல்கட்டாஸ்' என்ற நாட்டுத் துவக்கின் பெயர் தெற்கெங்கும் அச்சந்தந்தது. காட்டோரங்களில் விலங்குக்கு வைக்கப்படும் கட்டுத்துவக்கு இன்றும் வழிப்போக்கரின் காலை முறிக்கிறது. ஆனால் இவற்றுள் எதுவும் கடையில் வாங்கியதன்று என்பதும் சிந்திக்கத்தக்கது. மலிவான ஆயுதம் என்றதும் மேல்நாட்டார் தொழிற்சாலை வார்ப்பை நினைப்பர். எமது ஏழைக்கு அது பட்டறைக் குழாய். இதன் நம்பகத்தன்மை பற்றி எவனும் கட்டுரை எழுதான். எழுதினால் அதுவே குற்ற ஒப்புதல் வாக்குமூலமாகும்.

சட்டபூர்வமான கைத்துப்பாக்கியோ அரசியல்வாதிகள், வர்த்தகர், அச்சுறுத்தலுக்குள்ளானோர் எனக் கொள்ளப்பட்ட சிறு தொகையினரிடம் சேர்ந்தது. 2024 இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட சுடுகலன்களை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பணித்தபோது முன்னாள் பாராளுமன்ற உறுப்பினரும் அதற்குட்பட்டனர். குத்தகை என நாம் மேலே குறித்தது இதனையே.

உடைமையாளர் கருத்தைத் தேடிப் புறப்பட்ட நாம், உடைமையற்றோர் கருத்தையும் கேட்டாகவேண்டும். போர்க்காலத்தில் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் வாழ்ந்த தமிழர், 2009 வரை காவலரண்களில் அடையாள அட்டையை நீட்டி நின்றவர்கள். சீனத் தயாரிப்பான ரி-56 றைபிளை அவர்கள் குழல்முனைப் பக்கத்திலிருந்தே அறிந்தார்கள். அதன் நிறை, விலை, தோட்டாத் தொகை எதுவும் அவர்களுக்குத் தெரியாது. பாதுகாப்புப் பூட்டு எந்த நிலையில் இருக்கிறது, பட்டியிற் கை எங்கே இருக்கிறது, சிப்பாய் புதியவனா பழகியவனா என்பவற்றையோ அவர்கள் ஒரு கணத்தில் அளந்தார்கள். புதியவனையே கூடுதலாக அஞ்சினார்கள். பேக்கரின் நூலில் இல்லாத துவக்கறிவு இது. அக்காலத்தில் இவ்வீதிகளில் நடந்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் கூற்றுக்களை ஊர் ஊராகப் பதிவுசெய்யும் பணி தொடங்கப்பட வேண்டியுள்ளது.