கோதுமைக்கு விலை வைத்தவர்கள்

கோதுமையைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதத் திட்டமிட்டார் அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் நாரிஸ். விளைச்சலைப் பேசும் 'தி ஆக்டோபஸ்' 1901இல் வெளிவந்தது. சிகாகோ தானியச் சந்தையைப் பேசும் 'தி பிட்', 1902இல் அவர் மறைந்தபின் 1903இல் நூலாயிற்று. மூன்றாவது எழுதப்படவேயில்லை. விளைவிப்பவனுக்கும் விலை வைப்பவனுக்கும் இடையிலான தொலைவை அவர் புனைவில் அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், எல்லைக்கு வடக்கே கனடாவின் புல்வெளிச் சமவெளியில் உழவர்கள் அத்தொலைவை அனுபவித்தே அறிந்துகொண்டிருந்தார்கள். இலக்கியம் முடிக்காமல் விட்ட கதையை வரலாற்றில் தேடிப் பார்ப்போம்.

அறுவடை முடிந்ததும் உழவர் தம் கோதுமையைக் குதிரை வண்டியில் ஏற்றி ரயில் நிலையத்துக்கு வருவார். இருப்புப்பாதையோரம் மரத்தாலான உயர்ந்த களஞ்சியம் நிற்கும். எலிவேட்டர் என்பது அதன் பெயர். பெரும்பாலும் அது ஒரு தானிய நிறுவனத்தின் சொத்து. எடை போடுபவர் நிறுவனத்தின் ஆள். தரம் சொல்பவரும், தூசி, களைவிதை என்று எடையில் கழிப்பவரும் அவரே. வாங்குபவரே தராசையும் பிடித்தால் விற்பவருக்கு என்ன மிஞ்சும்? சொன்ன விலைக்குக் கொடுக்கலாம். இல்லையேல் நிறைந்த வண்டியோடு பல மைல் திரும்பிப் போகலாம். கடன் தவணையும் குளிர்காலமும் நெருங்கும் வேளையில் யார் திரும்பிப் போவார்?

1900இல் வந்த மனிடோபா தானியச் சட்டம், எலிவேட்டரைத் தவிர்த்து நேரே ரயில்பெட்டியில் தானியம் ஏற்றும் உரிமையை உழவருக்கு உறுதிசெய்தது. ஆனால் 1901இல் விளைச்சல் அமோகமாயிற்று, பெட்டிகள் போதவில்லை. கிடைத்தவையும் எலிவேட்டர்களுக்கே முதலில் போயின. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியன் ஹெட் என்ற சிற்றூரில் உழவர்கள் கூடிச் சங்கம் அமைத்தனர். 1902இல், வரிசைப்படி பெட்டி தரவில்லை என்று சிண்டலூட்டா நிலையத்தின் ரயில் முகவர்மீது வழக்குத் தொடுத்து வென்றனர். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

அதே ஊரைச் சேர்ந்த உழவர் இ. ஏ. பார்ட்ரிட்ஜ், 1905இல் வின்னிபெக் சென்று தானிய வணிகத்தை நேரில் ஆராய்ந்து திரும்பினார். உழவர்களே தானிய வணிகத்தில் இறங்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. 1906இல் அவர்களது நிறுவனம் பிறந்தது. லாபத்தை உறுப்பினர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் அதன் திட்டம் விதிமீறல் என்று கூறி, அதே ஆண்டில் வின்னிபெக் தானியச் சந்தை அதை வெளியேற்றியது. மாகாண அரசின் அழுத்தத்தால் 1907இல் மீண்டும் இடம் கிடைத்தது.

1923, 1924இல் மூன்று மாகாணங்களிலும் கூட்டுறவுக் கோதுமைக் குழுமங்கள் எழுந்தன. 1929 விளைச்சலுக்கு அவை புஷலுக்கு ஒரு டாலர் முன்பணம் கொடுத்தன. பெருமந்தத்தில் விலை சரிந்து, 1932 டிசம்பரில் 40 சென்ட்டுக்கும் கீழே போனது. குழுமங்களின் மத்திய விற்பனை அமைப்பு நொறுங்கியது. 1935இல் அரசின் கோதுமை வாரியம் வந்தது. 1943இல் கோதுமை விற்பனை முழுதும் அதன் கைக்குப் போயிற்று.

ஆனால் கதை அங்கே இனிதாக முடியவில்லை. வாரியத்தைக் காவலாகக் கண்ட உழவர் பலர். விலங்காகக் கண்டவரும் பலர். வாரியத்தின் அனுமதியின்றித் தம் தானியத்தை எல்லை கடத்தியதற்காக விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்ட மறுத்து, 2002இல் ஆல்பர்ட்டா உழவர்கள் 13 பேர் சிறை சென்றனர். 2012 ஆகஸ்டில் வாரியத்தின் தனியுரிமை முடிவுக்கு வந்தது. சஸ்காட்செவன் குழுமமோ அதற்கு முன்பே பங்குச்சந்தை நிறுவனமாகி, வைட்டெரா என்று பெயர் மாறியிருந்தது. 2012இல் அதை வாங்குவதாக அறிவித்த க்ளென்கோர், வாங்கி முடித்தது அந்த டிசம்பரில்.

மறு ஆண்டு, 2013இல், விளைச்சல் மீண்டும் அமோகம். ரயில்பெட்டிகள் மீண்டும் போதவில்லை. எலிவேட்டர்கள் நிரம்பின, துறைமுக விலைக்கும் உழவர் கையில் வந்த விலைக்கும் இடையே பள்ளம் விழுந்தது. 2014இல் வாரந்தோறும் இவ்வளவு தானியத்தை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று ரயில் நிறுவனங்களுக்கு அரசே ஆணையிட நேர்ந்தது. இந்தியன் ஹெட்டில் கூடியவர்கள் உயிரோடிருந்தால் அவ்வாண்டின் குரல்களை உடனே அடையாளம் கண்டிருப்பார்கள்.

சங்கம், கூட்டுறவு, வாரியம், தடையற்ற சந்தை என்று அனைத்தையும் அம்மண் கண்டுவிட்டது. ஒவ்வொன்றும் சில குறைகளைத் தீர்த்தது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காத்திருக்க முடியாதவனின் விளைச்சலுக்குக் காத்திருக்க முடிந்தவன் விலை வைக்கும் நிலையை எதுவும் முழுதாக மாற்றவில்லை. நாரிஸ் எழுதாமல் போன மூன்றாவது நாவலைப் படிக்க வேண்டும் என்ற ஏக்கம் நமக்கு எழுவது இங்கேதான்.