கண்டி மலைத் தோட்டங்களில் சோகையும் இதயமும்

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் மாண்டவர்கள் பலர். லயன்கள் எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் குடியேறியவர்களைக் கொக்கிப்புழு பிடித்தது. மலக்கூடம் இல்லாத தோட்டத்தின் ஈரமண்ணில் வெறுங்கால் பட்டால், அதன் நுண்புழு தோலைத் துளைத்து, நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும்.

இந்த இழப்பால் வரும் இரத்தச்சோகை முற்றினால் இரத்தம் சுமக்கும் ஒட்சிசன் குறையும். அதை ஈடுகட்ட இதயம் வேகமாகவும் மிகுதியாகவும் இறைக்கும். அப்படியும் தேவை தீராமல் கால் வீங்கும், மூச்சு வாங்கும். இது மிகைவெளியேற்ற இதயச் செயலிழப்பு. தயமின் குறைவால் வரும் ஈர பெரிபெரியும் இதே இனம்தான். மற்ற வகைகளில் பெரும்பாலும் இதயத்தசையே பழுதாகிறது. இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரலிலும், வலப்பக்கம் தளர்ந்தால் கால், வயிற்றிலும் நீர் தேங்கும். இடக் கீழறையின் சுருங்கும் வலு குன்றி, வெளியேற்று வீதம் (ஒவ்வொரு துடிப்பிலும் அந்த அறை வெளியேற்றும் இரத்தத்தின் பங்கு) 40 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இறங்குவது ஒரு வகை. அது 50க்குக் குறையாமல் இருந்தும், விறைத்த தசை தளராமல் அறை சரியாக நிரம்பாதது மற்றொன்று.

சோகை பிடித்தவனைச் சோம்பேறி என்று ஏசுவது தோட்டத்தில் எளிதாயிருந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916இல் மாத்தளைப் பகுதியில் தொடங்கியது. மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால் மலக்கூடம் கட்டச் செலவிடத் தோட்டக்காரர்கள் தயங்கியதால் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. இத்தனைக்கும், சோகையால் வரும் இதயச் செயலிழப்பு, சோகையைத் தீர்த்தால் பெரும்பாலும் தேறிவிடக்கூடியது.