சிலோன்னு ஒரு முன்பெயர்

பதுளைப் பக்கம் தோட்டத்துக் கல்யாண வீடுகளுக்குப் போனவங்களுக்குத் தெரியும். ராத்திரி பதினொரு மணி தாண்டி, சாப்பாடு முடிஞ்சு, பெருசுங்க லயத்து வாசல்ல குந்தி வெத்தலை போடுற நேரம் 'சுராங்கனி' ஒலிக்கும். இருபது வயசுப் பொடியனும் ஆடுவான், அறுபது வயசு மாமாவும் சாரத்தை மடிச்சுக் கட்டிட்டு இறங்குவார். அந்தப் பாட்டைப் பாடியவர் யார்னு கேட்டா நம்ம வயசுக்காரங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியாது.

அவர் ஏ. ஈ. மனோகரன். பாடகர், நடிகர். இலங்கையில 'பொப் இசைச் சக்கரவர்த்தி'. தமிழ்நாட்டுல 'சிலோன் மனோகர்'. ரெண்டாவது பெயரைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க. அதுக்குத் திரும்பி வருவோம்.

1960கள்ல கொழும்புல கிற்றார் சத்தம் பெருசாக் கேட்க ஆரம்பிச்சது. சிங்களத்துல கிளரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் புது இசை கொண்டு வந்தாங்க. போர்த்துக்கேயர் விட்டுப்போன பைலா ஏற்கனவே ஊரெல்லாம் இருந்தது. தமிழ்ல உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், பிற்காலத்துல அவுஸ்திரேலியாவுல குடியேறினவர், பேச்சுத் தமிழை அப்படியே பாட்டாக்கினார். சினிமாப் பாட்டு, கர்நாடக சங்கீதம் இந்த ரெண்டுக்கும் வெளியில, நாம வீட்டுல பேசுற மாதிரியே பாடலாம்கிற துணிச்சல் அப்படித்தான் வந்தது.

மனோகரன் அந்த அலையில வந்தவர். அதுக்கு முன்னமே, 1966ல வெளிவந்த 'பாச நிலா' படத்துல நடிச்சிருந்தார். 1978ல செங்கை ஆழியானின் நாவலை வச்சு எடுத்த 'வாடைக்காற்று' படத்திலயும் நடிச்சார். ஆனா அவரைத் தூக்கி நிறுத்தினது மேடைதான். சிங்களமும் தமிழும் கலந்து, ஆடிக்கிட்டே பாடுற ஆள். சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்த கதையைக் கேட்க மொழி தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. ஊவாவுல கடைத்தெருவுல சிங்களம், லயத்துல தமிழ்னு வாழ்ற நமக்கு அந்தக் கலப்பு புதுசும் இல்ல.

பாட்டு கடல் தாண்டிச்சு. 1977ல 'அவர் எனக்கே சொந்தம்' படத்துல இளையராஜா அதைப் பயன்படுத்தினார். பாடினவர்கள்ல ஒருத்தர் மலேசியா வாசுதேவன். இலங்கையில பிறந்த பாட்டை மலாயாவில பிறந்தவர் சென்னையில பாடுறார். ஒருத்தர் பேருக்கு முன்னால 'சிலோன்', இன்னொருத்தர் பேருக்கு முன்னால 'மலேசியா'. மனோகரன் பிறகு சென்னையிலயே தங்கி, தமிழ், மலையாளப் படங்கள்ல நடிச்சார். 2018 ஜனவரி 22ல அங்கேயே காலமானார்.

சரி, இதுக்கும் நம்ம தோட்டத்துக்கும் என்ன?

அதே வருசங்கள்ல இன்னொரு கூட்டமும் அந்தக் கடலைத் தாண்டிச்சு. 1948ல நம்ம ஆளுங்க குடியுரிமை இழந்தாங்க. 1964 அக்டோபர்ல சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்துச்சு. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமைன்னு ரெண்டு அரசாங்கமும் பங்கு பிரிச்சாங்க. அப்புறம் 1970களின் பஞ்சம், தோட்டங்களை அரசு எடுத்த குழப்பம். மலைநாட்டு ஸ்டேசன்கள்ல இருந்து தலைமன்னாருக்குக் கிளம்பின ரயிலுக்கு நம்ம சனம் வச்ச பேரு 'ஒப்பாரிக் கோச்சி'. பிளாட்பாரத்துல நின்னவங்களும் அழுதாங்க, பெட்டிக்குள்ள இருந்தவங்களும் அழுதாங்க. தலைமன்னார்ல கப்பல், ராமேஸ்வரத்துல இறக்கம், மண்டபம் முகாம். அங்கிருந்து பலர் நீலகிரிக்கு, கூடலூர், கோத்தகிரின்னு. திரும்பவும் தேயிலைதான்.

எங்க தாத்தாவோட தம்பியும் அப்படிப் போனவர்தான். கூடலூர்ல இருந்து அவர் எழுதின ஒரு கடிதத்தைப் பாட்டி இன்னும் டிரங்குப் பெட்டியில வச்சிருக்காங்க. அதுல ஒரு விசயம் எனக்கு மறக்காது. இங்க இருந்தவரைக்கும் எங்களை 'இந்தியாக்காரன்'னாங்க, இங்க வந்தா 'சிலோன்காரன்'ங்கிறாங்கன்னு எழுதியிருந்தார்.

இப்போ அந்த ரெண்டாவது பெயருக்கு வருவோம். 'சிலோன்' என்கிற ஒரே சொல். மேடையில நின்னவருக்கு அது புகழ். அதைச் சொன்னதும் கூட்டம் கைதட்டும். கூடலூர்ல மலைச்சரிவுல நின்னவருக்கு அது வேத்தாள்னு குத்தின முத்திரை. மனோகரன் மேல இதுல ஒரு குத்தமும் இல்ல. அவர் திறமையால ஏறினவர். ஆனா ஒரு பாட்டை வரவேற்ற அளவுக்கு அந்தப் பாட்டோட மண்ணுல இருந்து வந்த கூலிக்காரரை யாரும் வரவேற்கல.

நம்ம பக்கமும் திரையைத் தொட முயற்சி நடந்தது. தொழிற்சங்கக்காரரான வி. பி. கணேசன் 1975ல 'புதிய காற்று' எடுத்து நடிச்சார். தோட்டத் தொழிலாளர் வாழ்க்கை அந்தப் படத்துல கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆனா காமன் கூத்துல விடிய விடியப் பாடி ஆடின நம்ம ஆளுங்களும் பாடகர்-நடிகர்கள்தானே? அவங்கள்ல எத்தனை பேர் குரல் ஒரு இசைத்தட்டுல பதிஞ்சிருக்கு? கேசட் வந்த பிறகாவது யாராவது பதிவு செஞ்சாங்களா?

இப்போ நம்ம கையில ஃபோன் இருக்கு. அடுத்த கல்யாண வீட்டுல 'சுராங்கனி' ஒலிச்சா நல்லா ஆடுங்க. ஆடி முடிச்சுட்டு வாசல்ல குந்தியிருக்கிற அப்பாயிகிட்டப் போய் உக்காருங்க. ஒப்பாரிக் கோச்சியில நம்ம வீட்டுல யாரு போனாங்கன்னு கேளுங்க. அவங்களுக்குத் தெரிஞ்ச பாட்டு ஒண்ணையும் பாடச் சொல்லுங்க. ஃபோன்ல பதிவு பட்டனை அமுக்க மறந்துடாதீங்க.