கொல்லைச் சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு

இந்த வாரம் கொஞ்சம் வீட்டு விஷயம். செங்கல்பட்டில் இருக்கிற எங்க ஆயா வீட்டில் இப்போ மராமத்து வேலை நடக்குது. சமையலறை, ரெண்டு பாத்ரூம், எல்லாத்தையும் இடிச்சுக் கட்டுறோம். கொல்லையில் இருந்த பழைய கழிப்பறையை உடைக்கும்போது, பின்சந்துப் பக்கத்துச் சுவரில், தரையோடு தரையா, ஒரு அடி உயரத்தில் ஒரு இரும்புக் கதவு தெரிந்தது. நாய் போறதுக்கா என்று தம்பி கேட்டான். ஆயா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "அந்த வழியாத்தான் வாரிக்கினு போவாங்க."

அதுக்குப் பேர் எடுப்புக் கக்கூஸ். கக்கூஸ் என்ற சொல்லே டச்சு மொழியிலிருந்து வந்தது. 'கக்ஹௌஸ்' என்பது மூலம். இலங்கையில் சிங்களத்திலும், இந்தோனேசியாவிலும் இதே சொல் இருக்கு. டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்த இடமெல்லாம் விட்டுப்போன சொல். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் அவங்க கட்டிய 17ஆம் நூற்றாண்டுக் கோட்டை இன்னும் நிற்குது. வீக்கெண்டுல போட்டோ எடுக்கப் போறோமே, அதேதான்.

பழைய வீட்டின் அமைப்பை யோசிச்சுப் பாருங்க. சாமி அறைக்குப் பக்கத்தில் அடுப்படி. கழிப்பறை கொல்லையின் கடைசி மூலையில். தண்ணி ஊத்திக் கழுவி விடுகிற ஏற்பாடே கிடையாது. வாளியிலோ தரையிலோ விழுவதை ஒருத்தர் தினமும் கையால் அள்ளிக் கூடையில் எடுத்துட்டுப் போகணும். அந்த ஒருத்தர் யார் என்பதைப் பிறப்பே முடிவு செய்தது, பெரும்பாலும் பெண்கள். வாசல் வழியா அவங்க வரக் கூடாது, முகமும் தெரியக் கூடாது. அதுக்குத்தான் பின்சந்து, அதுக்குத்தான் அந்தக் கதவு. சாதி வீட்டு பிளானிலேயே இருந்தது, சுண்ணாம்பும் செங்கலுமா.

சமையலறைக் கதை சுலபம். விறகுப் புகை இருக்கும்வரை அடுப்படி பின்கட்டில் இருந்தது. 1965இல் கொல்கத்தாவில் இண்டேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. 2006க்குப் பிறகு தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பே தந்தது. புகை போனதும் அடுப்படி ஹால் வரை வந்துவிட்டது. தண்ணீர்க் கழிப்பறை வந்ததும் கக்கூஸும் உள்ளே நுழைந்தது. இப்போ பைப் செலவு மிச்சம்னு பிளம்பர் ரெண்டையும் ஒரே சுவரில் வைக்கச் சொல்றார். "அடுப்பும் கக்கூசும் ஒரே செவுராடா?" என்று ஆயா இன்னும் சண்டை போடுறாங்க.

அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கிறது செப்டிக் டேங்க். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் கட்டிப் பெயர் வைத்தது. கசடு அடியில் தங்கும், தண்ணி மட்டும் வெளியே போகும். ஆனா கசடு மறைஞ்சு போறதில்ல. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தே ஆகணும்.

எடுப்புக் கக்கூஸ் கட்டுவதையும், அதில் ஆள் வைப்பதையும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. பாதுகாப்புக் கருவி இல்லாம குழிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அப்புறமும் விஷவாயுச் சாவுகள் நிற்கல. இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக 2023இல் உச்சநீதிமன்றம் உயர்த்த வேண்டி வந்ததே, அது போதாதா? கூடை போய் குழி வந்தது. இறங்கினவங்க பெரும்பாலும் அதே தெருக்காரங்க.

லாரி உறிஞ்சி எடுத்தாலும் எங்கே கொட்டுவது? ஏரியிலும் பாலாற்றங்கரையிலும் கொட்டுவது நம்ம பக்கம் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. மதுராந்தகம் பக்கம் கருங்குழியில் 2017இல் கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்தது, தமிழ்நாட்டிலேயே முதலாவது. லாரி கொண்டுவரும் கசடை அங்கே படுகைகளில் காய வைக்கிறாங்க.

எங்க மேஸ்திரி டேங்க்கை புது பாத்ரூம் தரைக்கு அடியில் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டிடலாம்னார். பார்க்க அழகா இருக்கும். நாளைக்கு அடைச்சா தரையை உடைக்கணும், இல்லைன்னா யாரையாவது ஏதோ ஒரு ஓட்டை வழியா இறக்கணும். வேண்டாம்னுட்டோம். லாரி ஹோஸ் எட்டுற மாதிரி முன்வாசல் பக்கம் டேங்க், திறக்கிற மூடிகளோட. வாசலில் நாத்தம் வருமேன்னு சித்தப்பா முகம் சுளிச்சார். "வரட்டும்" என்றாங்க ஆயா.

அந்த இரும்புக் கதவை மட்டும் இன்னும் எடைக்குப் போடலை. அடுத்த வாரம் பார்ப்போம்.